தார்ப்பாய்க்கு அடியில் செவலை

மாப்ள,

காலையில் செவலையின் கழுத்துப் பட்டையைக் கழற்றிச் சார்ஜில் போட்டேன். பட்டையில் நாய் வாடையும் புளி வாடையும் ஏறிக் கிடந்தன. நீ அதை மாட்டிவிட்ட நாள் நினைவுக்கு வந்துவிட்டது.

"லாரிக்கு ஜி.பி.எஸ். வச்சே, சரி. நாய்க்கு எதுக்குடா?" என்றேன். "உன் நாய் ஊர்சுத்தி. இருக்கட்டும்டா" என்று சொல்லி, அது போகும் இடத்தைக் காட்டும் செயலியை என் கைபேசியிலும் நீயே ஏற்றித் தந்தாய்.

அந்த வைகாசி மத்தியானம் நாயைக் காணோம். கைபேசியில் பார்த்தால், அதன் புள்ளி வடமதுரையைத் தாண்டித் திருச்சி ரோட்டில் போகிறது. உனக்குப் போன் போட்டுச் சிரித்தேன். "உன் மிஷின் கெட்டுப்போச்சு மாப்ள. நாய் பஸ் வேகத்துல ஓடுதாம்!"

நீ சிரிக்கவில்லை. "வடமதுரை டீக்கடைகிட்ட செத்த நேரம் நின்னுச்சா?"

"ஆமா."

"அது நாய் ஓட்டமில்லடா. காலையில உன் குடோன்ல லோடு ஏத்துன நம்ம வண்டி. டீக்கு அங்கதான் நிக்கும்."

புளி மூட்டை மேல் ஏறிப் படுப்பது செவலையின் வழக்கம். ஆட்கள் கவனிக்காமல் தார்ப்பாயை மூடிக் கயிறு போட்டிருக்கிறார்கள். அந்தப் புழுக்கத்தில், திருச்சி போய்ச் சேரும்போது உயிர் இருக்காது.

உன் ஓட்டுநர் போனில் முரண்டுபிடித்தான். "கட்டுன லோட நடுரோட்டுல அவுக்கச் சொல்றீங்களேண்ணே!"

"அவுருடா. திரும்பக் கட்ட நான் வாரேன்" என்றாய் நீ.

அய்யலூர் பக்கம் நாம் போய்ச் சேர்ந்தபோது, வேப்பமர நிழலில் செவலை நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடந்தது. ஓட்டுநர் தன் தண்ணீர்க் கேனை அதன் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் வாலை மெல்ல அசைத்தது. சொன்னபடியே நீ லாரி மேல் ஏறிக் கயிறு கட்டினாய். இறங்கி வந்து, "நாய்க்கும் சேத்து வாடகை போடட்டா?" என்றாய்.

தொழிலில் என்னைக் கைதூக்கிவிட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு ஏதோ ஒரு கணக்கு இருந்தது, எனக்கும் இருந்தது. அந்த வெயிலில் உனக்கு என்ன கணக்கு இருந்தது, சொல்?

நீ கண்ணை மூடிய பிறகு செவலைக்கும் வயதாகிவிட்டது, அதிகம் சுற்றுவதில்லை. குடோனில் மட்டும் அன்று தொடங்கிய ஒரு பழக்கம் நிலைத்துவிட்டது. கயிறு போடுமுன் யாராவது தார்ப்பாயைத் தட்டி, "உள்ள இருக்கவுக வெளிய வாங்கப்பு!" என்று குரல் கொடுப்பார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். போன மாதம் ஒரு பூனை பாய்ந்து வெளியே ஓடியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"மொதலாளி, இது யாரு கொண்டாந்த பழக்கம்?" என்று புதிதாக வந்த ஆள் கேட்டார்.

உன் பெயரைச் சொன்னேன், மாப்ள.