பதினாறாவது கூடையில் ஒரு கூடுதல் எறி

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்கும் சுங்கச்சாவடியில் கப்பம் கட்டிவிட்டுத்தான் வந்தேன். ஏழாவது கூடைக்குப் போகிற வழியில் நட்டநடுவே நிற்கிற தடிமரத்துக்கு மச்சான் வைத்த பெயர் அது. எப்படிச் சுழற்றி எறிந்தாலும் தட்டு நேராகப் போய் அதன் இடுப்பில்தான் அடிக்கிறது. ஒன்பது வருடமாக எறிகிறோம். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, எங்களுக்குத்தான் முடி நரைத்துவிட்டது.

நேற்று குட்டி, "அப்பா, அது என்னதான் விளையாட்டு, எனக்குப் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லேன்" என்றாள். சொன்னேன். டிஸ்க் கால்ஃப் என்று பெயர். காட்டுக்குள் பதினெட்டு இடத்தில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. கையில் பறக்கிற பிளாஸ்டிக் தட்டு. குறைவாக எறிந்து எல்லாக் கூடையிலும் போட்டு முடிப்பவன் ஜெயித்தான். மரங்கள் குறுக்கே நிற்கும், ஓடை தட்டை விழுங்கும், மிச்ச நேரம் புதருக்குள் குனிந்து தேட வேண்டும். "இதுக்கா அம்மாகிட்ட இத்தனை வருஷம் திட்டு வாங்கின?" என்றாள். பதிமூன்று வயதுக்கு வாய் அதிகம்.

எட்டாவது கூடைப் பக்கம் புதரைக் கிளறிக்கொண்டே மச்சான் கேட்டான், "தங்கச்சி எப்படி இருக்கா மாப்ள? போன் பண்ணா ரெண்டு வார்த்தையில வெச்சிடறா."

"நல்லா இருக்கா. வேலை ஜாஸ்தி."

நல்லா இருக்காளா? எனக்கு எப்படித் தெரியும்? ஜனவரியிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நான் லென்ஸ் அரைக்கிற கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கிற இந்த அறைக்கு வந்துவிட்டேன். குட்டிக்குப் பரீட்சை முடிகிறவரை யாரிடமும் மூச்சு விட வேண்டாம் என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். நாங்கள் சண்டை போடாமல் ஒத்துப்போன கடைசி விஷயம் அது. அவள் அவள் அண்ணனை போனில் சமாளிக்கிறாள். நான் முகத்துக்கு நேரே சமாளிக்க வேண்டியிருக்கிறது. இது பத்தாவது ஞாயிறு. முதல் வாரம் நாக்கு குழறியது. இன்று சரளமாக வந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

பரீட்சை முடிந்தது. குட்டியின் அம்மா தன் அண்ணனிடம் சொல்லிவிட்டாளாம். அவனிடமிருந்து எனக்கு இன்னும் போன் வரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஏழு மணிக்கு முதல் கூடைக்கு எறியத் தொடங்கும் சிமெண்ட் மேடையில் நின்றேன். எட்டரை வரை நின்றேன். நாலு தடவை அழைத்தேன், எடுக்கவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் "எங்க சார் உங்க ஜோடி?" என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றேன். பார், மறுபடியும் பொய். கேட்டால் தானாக வருகிறது.

தனியாக ஆடினேன். ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டேன்.

மார்ச் 19, புதன்

செய்தி வந்தது. "விஷயம் தெரிந்துகொண்டேன். நீங்கள் என்னிடம் சொல்லியிருக்கலாம்."

நீங்கள். பதினைந்து வருடமாக வாடா போடா என்றவன். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். மரியாதை கொடுத்துக் கொன்றுவிட்டான்.

வேலையிலும் சொதப்பல். ஒரு டீச்சருடைய கண்ணாடி. லென்ஸை 180 பாகையில் வைத்து அரைக்க வேண்டும், நான் 80 என்று வைத்து அரைத்துத் தள்ளிவிட்டேன். மாட்டிப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "சார், தரை எல்லாம் சாயுதே" என்றார். எனக்கும்தான் சாய்கிறது, அம்மா.

மார்ச் 30, ஞாயிறு

கடை சாத்தியதும் காட்டுக்குப் போய்விடுகிறேன். வாரத்துக்கு மூன்று நாள். என் தட்டு, என் கை, அடுத்த எறியும் நானே. யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். கை நன்றாகத் தேறியிருக்கிறது, மனசுதான் தேறவில்லை.

ஏப்ரல் 27 ஜோடிப் போட்டி. ஜனவரியிலேயே பெயர் கொடுத்துவிட்டோம். ஒரு எறி நான், அடுத்த எறி அவன், மாறி மாறி. ஒருவன் வராவிட்டால் மற்றவனும் இல்லை.

வக்கீல் தந்த காகிதத்தை இன்று மறுபடி படித்தேன். அவள் பெயர் இருக்கிறது, என் பெயர் இருக்கிறது, குட்டி எந்தக் கிழமை யாரிடம் என்று இருக்கிறது. மச்சான் பெயர் எங்கேயும் இல்லை. அவனை யாரும் என்னிடமிருந்து பிரிக்கவில்லை. நானாகத்தான் கெடுத்துக்கொண்டேன். பெண்டாட்டி போனதற்கு இரண்டு பேர் காரணம். இதற்கு நான் ஒருவன் மட்டும்தான்.

அவன் இல்லாமல் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை சீக்கிரம் முடிந்துவிட்டது.

ஏப்ரல் 8, செவ்வாய்

போய்ப் பார்த்துவிட்டேன்.

அவன் கம்பெனியில் விசாரித்தேன். பெரிய மருத்துவமனைக்கு எதிரே ஒரு அடுக்குமாடியில் வேலை என்றார்கள். லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்க்கப் போகிறேன் என்றால் அங்கே லிஃப்ட் ஓடாது என்று இந்த மண்டைக்கு உறைக்கவேயில்லை. ஒன்பது மாடி. மேலே மோட்டார் அறை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பேச மூச்சில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவன் நாய் மாதிரி இரைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அவன் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கிரீஸ் தடவ ஆரம்பித்தான். "வந்தாச்சுல்ல. இறங்கறதுக்கும் படிதான்."

"மச்சான், நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான், குட்டி பரீட்சை..."

"பிரிஞ்சது உங்க ரெண்டு பேர் விஷயம். நான் அதைக் கேட்டேனா? தங்கச்சி மேலயும் கோவம் வந்தது, அழுதா, போயிடுச்சு. ஆனா பத்து ஞாயித்துக்கிழமை உன் மூஞ்சியப் பாத்துக் கேட்டேன். பத்து தடவையும் நல்லா இருக்கான்னு சொன்ன. நான் என்ன கேணையனா?"

உன் மூஞ்சி என்றான். நீங்கள் போய்விட்டது. இவ்வளவு திட்டு வாங்கும்போதும் அது காதில் இனிக்கிறதே, என்ன பிறவி நான்.

தப்புதான் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. காரணம் சொல்லச் சொல்ல இன்னும் கேவலமாகும் என்று தெரிந்தது. அவன் ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் போட்டான்.

"பேர் குடுத்தாச்சு. அதனால வர்றேன். பயிற்சிக்கெல்லாம் கூப்பிடாத. நேரா அன்னைக்கு வந்து ஆடிட்டுப் போயிடுவேன். அதுக்கப்புறம் எதுவும் வேணாம்."

சரி என்றேன். ஒன்பது மாடி இறங்கினேன். ஆனாலும் வருகிறேன் என்றானே. ஒரு நாள் கிடைத்திருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

தனியாகவே முழு ஆட்டம். சுங்கச்சாவடியை ஒரு தடவை தொடாமல் தாண்டினேன். சொல்ல ஆளில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். வரிசையாக.

வந்தான். ஏழுக்கு ஐந்து நிமிடம் முன்பே. எங்களோடு சேர்த்துவிட்ட ஜோடி, மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும். கணக்கு எழுதும் அட்டை அந்த அம்மா கையில். வழக்கமாக அந்த மனிதர்தான் மனைவியிடம் திட்டு வாங்குவார், இன்று நாங்கள் பேசாமல் ஆடுவதைப் பார்த்து அவர்களும் பயந்து அடங்கிவிட்டார்கள்.

ஒற்றைப்படைக் கூடைகளில் முதல் எறி மச்சான், இரட்டைப்படையில் நான். "காத்து இடது பக்கம்", "உன்னுது", "ம்". இவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஆட்டம் வேறு. அவன் விட்ட இடத்தில் நான் எடுக்கிறேன், நான் கெடுத்ததை அவன் சரி பண்ணுகிறான். கை இரண்டும் பழைய சிநேகிதம், எங்கள் சண்டை அதுகளுக்குத் தெரியாது. பதினைந்தாவது கூடை முடிந்தபோது நாங்கள் மருந்துக்கடைக்காரர்களை விட ஒரு எறி முன்னால். இருபத்திரண்டு ஜோடியிலேயே நாங்கள்தான் முதல் என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள்.

பதினாறு. அதுதான் இந்தக் காட்டிலேயே பாவி. ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து, இரண்டு பக்கமும் மரம், பாதியில் இடது பக்கம் திரும்பி ஓடையை நோக்கி இறங்கும். மேடையில் நின்றால் கூடை தெரியாது. என் தட்டு எங்கே விழுகிறது என்று பார்க்க மச்சான் திருப்பத்துக்குக் கீழே இறங்கிவிட்டான். மருந்துக்கடைக்காரர் எறிந்தது புதருக்குள் போக, புருஷனும் பெண்டாட்டியும் அதைத் தேடிப் போய்விட்டார்கள். மேடையில் நான் மட்டும்.

எறிந்தேன். முதல் மரத்திலேயே பட்டு, பதினைந்து அடி தள்ளி விழுந்தது. ச்சே என்று நடந்து போனேன், காலை ஊன்றினேன், அடுத்த தட்டை எடுத்து எறிந்தேன்.

இந்த வருடத்திலேயே அப்படி ஒரு எறி எறிந்ததில்லை. இரண்டு மரத்துக்கு நடுவே உயரம் மாறாமல் போய், திருப்பத்தில் தானாக இடது பக்கம் சாய்ந்து இறங்கியது. கீழேயிருந்து மச்சான் குரல், "அப்படிப் போடு மாப்ள, கூடைக்குப் பக்கத்துல".

மாப்ள. ஏழு வாரம் கழித்து.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது. அது அவன் எறிய வேண்டியது. ஆறு வாரமாக எல்லா எறியையும் நானே எறிந்து பழகிய கை, யோசிக்காமல் அவனுடையதையும் எறிந்துவிட்டது. முறை மாறினால் இரண்டு எறி தண்டம். முதல் இடம் போச்சு.

யாரும் பார்க்கவில்லை. மரத்தில் பட்டதையும் யாரும் பார்க்கவில்லை. அவன் இதை முதல் எறி என்று நினைத்துக்கொண்டு கீழே நிற்கிறான். முன்னால் கிடக்கிற தட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினால் கதை முடிந்தது. பையில் போடவும் போட்டேன், இங்கேயாவது மறைக்காமல் எழுதுகிறேன். போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்தேன். வாயில் வார்த்தை கூடத் தயாராக இருந்தது, நல்லா விழுந்துச்சுல்ல மச்சான் என்று. சரளமாக.

இறங்கிப் போனேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு இதைச் சொல்வது இருக்கிறதே... கடவுளே.

"மச்சான், அது என் ரெண்டாவது எறி. முதல்ல எறிஞ்சது மேலேயே மரத்துல பட்டுச்சு. நீ எறியணும், நான் எறிஞ்சுட்டேன். தனியா ஆடியே பழகிடுச்சு."

சிரிப்பு நின்றுவிட்டது. "யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

அவன் கூடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இதோ போகப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"ரெண்டு மாசம் கழிச்சுச் சொல்லாம இப்பவே சொன்னியே" என்றான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்பத்தாறு வயதில், ஓடைக்கரையில், கையில் பிளாஸ்டிக் தட்டோடு.

மேலே போய் மருந்துக்கடைக்காரர்களிடம் சொன்னோம். "நாங்க பாக்கவே இல்லையே சார்" என்று அவர் இழுத்தார். அந்த அம்மா, "ரெண்டு கூட்டிக்கறேன்" என்று எழுதியே முடித்துவிட்டார்.

பதினேழாவது மேடைக்கு ஏறும்போது மச்சான் மெதுவாக ஆரம்பித்தான். "நான் மட்டும் என்ன பெரிய ஒழுங்கு. இன்னைக்கு லிஃப்ட் சர்வீஸ்னு தங்கச்சிகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன். உன்னோட ஆடப் போறேன்னா வருத்தப்படுவாளோன்னு." கொஞ்ச தூரம் நடந்தான். "உன்னைத் திட்டிட்டு நானே அதையேதான் பண்ணியிருக்கேன்."

"எந்தக் கட்டடத்துல சர்வீஸ்னு சொன்ன?"

"ஒன்பது மாடி."

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் ஒழுங்காக எறிய வரவில்லை. சிரிப்பை அடக்கவே சரியாக இருந்தது. எப்படியோ இரண்டு கூடையையும் ஒப்பேற்றினோம். ஒரு எறியில் தோற்றோம். மருந்துக்கடைக்கார அம்மாதான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார், புருஷன் கையில் தரவேயில்லை.

வண்டியில் ஏறும்போது, "வீட்டுக்குப் போனதும் அவகிட்டச் சொல்லிடறேன்" என்றான். அடுத்த ஞாயிறு பற்றி நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

தோள் வலி. ஒரு லென்ஸ் கூடத் தப்பாக அரைக்கவில்லை.

மே 4, ஞாயிறு

சும்மா போய்ப் பார்ப்போம் என்று ஏழு மணிக்குப் போனேன். மேடையில் உட்கார்ந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தான். "என்ன லேட்டு" என்றான். அவளிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்க வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அவள் என்ன சொன்னாள்? வேண்டாம் என்று சொல்லியிருந்தால்?

மே 10, சனி

குட்டியை அழைத்து வரப் போனேன். அவள் பையை எடுக்க உள்ளே ஓட, வாசலில் அவளுடைய அம்மா நின்றாள். சாதாரணமாக நாங்கள் பேசுவது கிழமையும் நேரமும்தான். இன்று கையில் ஒரு மாத்திரை அட்டை.

"அண்ணன் வியாழக்கிழமை வந்தப்போ பிரஷர் மாத்திரைய இங்கயே விட்டுட்டுப் போயிட்டார். நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் ஆடப் போவீங்கல்ல, குடுத்துடுங்க."

வாங்கிக்கொண்டேன்.

"வெயில் ஏறினப்புறம் ஆட வேணாம்னு சொல்லுங்க. நான் சொன்னாக் கேக்க மாட்டார், நீங்க சொன்னாக் கேப்பார்."

"சொல்றேன்" என்றேன்.

நாளை வரை எதற்குக் காத்திருப்பது? வியாழனிலிருந்து மாத்திரை போடாமல் சுற்றுகிறான் மடையன். குட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக அவன் வீட்டுக்கே போனேன். மார்ச்சிலிருந்து அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. அழைப்பு மணியை அடித்துவிட்டு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்தான், அட்டையைப் பார்த்தான், "ஐயோ, இதை எங்கெல்லாம் தேடறது" என்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கத் திரும்பிப் போய்விட்டான். உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. நானும் குட்டியும் அவன் பின்னாலேயே போனோம்.