அப்பா சொன்னதாக நான் எழுதிய வரி

ஓருரோ,
நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் யோவானாவுக்கு உன் அம்மா பிரிமித்திவா எழுதுவது. சுரங்கத்து மாதாவின் தயவில் நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், நிக்கோலாசா அத்தையும் அவளுடைய முழங்கால் வலியும் சௌக்கியம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, இரண்டு போர்வை போர்த்தித் தூங்கி, உடம்பு நோகாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் நீ அனுப்பும் 'நல்லாயிருக்கேன்' தவறாமல் வந்து சேருகிறது. ஒரே ஒரு சொல்தான், இருந்தாலும் அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அன்றைக்குத் தேநீர் இறங்கும். பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பது, பெருக்குவது, கதவைத் திறந்து பூட்டுவது எல்லாம் பழையபடிதான். போன வாரக் காற்றில் ஐந்தாம் வகுப்புக் கூரையில் ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு போய் எதிர்வீட்டு முற்றத்தில் விழுந்தது, நல்லவேளையாக லீவு நாள். நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார்? அவரைத் தூக்கி உட்காரவைக்கும்போது இடுப்பு பெல்ட்டைப் போட்டுக்கொள், சோம்பேறித்தனப்படாதே. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், நீயும் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவாய். அத்தையின் பக்கத்து வீட்டுப் பெண் செவ்வாய்க்கிழமை நீ இருக்கும் வாலென்சியாவுக்குப் புறப்படுகிறாள், அவள் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

கல்லறைத் திருநாளுக்கு அப்பாவுக்கு மூன்றாவது வருடப் படையல் மேசை போட்டோம். மூன்றாவது என்றால் கடைசி, உனக்குத் தெரியும். ரொட்டிப் பொம்மைகள் பன்னிரண்டு சுட்டோம், உருளைக்கிழங்கும் உலர்ந்த ஆட்டிறைச்சியும் வைத்தோம், அவருக்குப் பிடித்த கறுப்பு பீரை அத்தை திறந்து வைத்தாள். மறுநாள் மத்தியானம் எல்லாவற்றையும் வந்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, போய் வாருங்கள் செவேரோ என்று சொல்லி அனுப்பிவைத்துவிட்டோம். இனிமேல் அவர் தானாக இந்த வீட்டைத் தேடி வரமாட்டார். முதல் மேசைக்கு நீ இருந்தாய், மறுவாரமே விமானம் ஏறிவிட்டாய். போன வருடமும் இந்த வருடமும் உன் இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருந்தேன். யாராவது உட்காரப் போனால், அங்க வேண்டாம், அங்க வேண்டாம் என்று விரட்டிக்கொண்டிருந்தேன்.

நான் படிக்கப் போகிறேன் என்று அத்தை உனக்குச் சொல்லியிருப்பாள், சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள். ஐம்பத்தாறு வயதில் பள்ளிப் படிப்பை முடிக்க, பெரியவர்களுக்கான வகுப்பில் பிப்ரவரியில் சேர்ந்தேன். அறிவு வளர்ப்பதற்கெல்லாம் இல்லை. வார நாளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சத்தம் இருக்கிறது, சனிக்கிழமை மத்தியானம் அப்பாவின் கட்டிலுக்கு எதிரே தனியாக உட்கார என்னால் முடியவில்லை, அதுதான் காரணம். எங்கள் டீச்சர் பெயர் சுலேமா, உன்னைவிட இரண்டு வயது சின்னவள், எப்போதும் ஜலதோஷம். கணக்கில் நான் சுமாராகத் தேறிவிட்டேன். மொழிப் பாடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். இந்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை வகுப்பு முடியும்போது அவள், அடுத்த வாரம் என்சாயோ, எல்லாரும் தயாராக வாங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். நீயே சொல், நவம்பர் மாதத்தில் இந்த ஊரில் என்சாயோ என்றால் யாருக்கு என்ன தோன்றும்? தெருவுக்குத் தெரு திருவிழா நடனத்துக்கு ஒத்திகை ஆரம்பித்துவிட்டது, எந்தப் பக்கம் திரும்பினாலும் பேண்டு சத்தம். எங்கள் வகுப்பும் வருட முடிவு விழாவில் ஏதோ ஆடப்போகிறது என்று நினைத்து, நான் என் பச்சைப் பாவாடையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு நடனச் செருப்போடு போய் நின்றேன். நான் மட்டும் என்றால் மானம் போயிருக்கும். மினிபஸ் ஓட்டும் தோன் வில்ஹே நடனத்தில் சுழற்றும் பெரிய மரக் கிலுகிலுப்பையையே தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஐயோ, ரெண்டுக்கும் அதே சொல்தான், நான் சொன்னது ஒத்திகை இல்ல, கட்டுரை, காகிதத்துல எழுதறது என்றாள். தோன் வில்ஹே, அப்ப இதை எங்க வைக்கிறதுன்னு சொல்லுங்க டீச்சர், திரும்பத் தூக்கிட்டுப் போக முதுகு தாங்காது என்றார். வகுப்பு முழுக்க வயிறு வலிக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன் யோவானா, உன் அப்பா போன பிறகு அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை, சிரித்து முடித்ததும் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

அப்புறம் டீச்சர் கட்டுரை எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள். அவளே எங்களிடம், ஒத்திகைன்னே நெனச்சு எழுதுங்க, தப்பாப் போனா அடிச்சிட்டுத் திரும்ப எழுதலாம், யாரும் பார்க்க மாட்டாங்க என்றாள். முதல் பத்தியிலேயே நீ என்ன சொல்லப்போகிறாய் என்று சொல்லிவிட வேண்டுமாம். நான் பழக்க தோஷத்தில், மதிப்புக்குரிய டீச்சருக்கு, தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன் என்று ஆரம்பித்திருந்தேன், அதை அடிக்க வைத்தாள். ஒரு பத்திக்கு ஒரு விஷயம்தான், சந்தைப் பையில் உருளைக்கிழங்கோடு சோப்பைப் போடுவதில்லை அல்லவா என்றாள். சொல்வது ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். அடுத்தவர் சொன்னதை எழுதினால் யார் சொன்னார், எப்போது, எங்கே என்று கீழே குறிப்புப் போட வேண்டும். நமக்கு எதிராகப் பேசுகிறவருக்கும் ஒரு பத்தி கொடுத்து, அவர் பக்க நியாயத்தை அவரே எழுதுவதுபோல எழுதிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். எதைப் பற்றி எழுதுவது என்பதை எங்கள் விருப்பத்துக்கு விட்டாள். தோன் வில்ஹே சாலை மறியலைப் பற்றி எழுதினார். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, கடைசிக் காலத்தில் நோயாளியை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டுமா, வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமா என்பது.

மறைக்க மாட்டேன், உன்னோடு சண்டை போடத்தான் அந்தத் தலைப்பை எடுத்தேன். இரண்டு வருடத்துக்கு மேலாக மனதுக்குள் உன்னிடம் வாதாடிக்கொண்டே இருக்கிறேன், பெருக்கும்போதும் மணி அடிக்கும்போதும். வீட்டில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பத்தி எழுதினேன், நன்றாகவே வந்தது. கொச்சபம்பாவுக்குக் கொண்டுபோன என் அண்ணன் பெட்டியில் திரும்பி வந்ததை எழுதினேன். மூன்றாவது பத்தியில் உன் பக்க நியாயத்தை எழுத வேண்டியிருந்தது. அதை எழுதத்தான் நாலு நாள் ஆயிற்று. சுரங்கத் தூசி அடைத்த நுரையீரலுக்கு இந்த உயரத்துக் காற்று போதாது, தாழ்வான ஊருக்கு இறக்கினால் மூச்சு கொஞ்சம் சுலபமாகும் என்று டாக்டர் சொன்னது, நீ அப்போது கொச்சபம்பாவில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் எல்லோர் காலிலும் விழுந்து ஒரு கட்டில் வாங்கியது, ஆம்புலன்ஸ் அனுப்பியது, எல்லாவற்றையும் எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் என் பத்தியைவிட உன் பத்தி பலமாக நின்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதை அடித்து நொறுக்க ஒரே ஒரு வரி போட்டேன். 'ஆனால் நோயாளியே தன் வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார்.' அதோடு கட்டுரையை முடித்து, போன சனிக்கிழமை கொடுத்துவிட்டேன், ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

டீச்சர் அங்கேயே உட்கார்ந்து படித்தாள். எழுத்துப்பிழைகளையெல்லாம் விட்டுவிட்டு அந்த வரிக்கு மட்டும் அடியில் கோடு போட்டு, ஓரத்தில் சிவப்பு மையில், யார் கேட்டது, எப்போது சொன்னார், அவர் சொன்ன சொல் என்ன என்று எழுதினாள். என்னைக் கூப்பிட்டு, பொய்யின்னு நான் சொல்லலைங்க தோன்யா பிரிமித்திவா, உங்க கட்டுரை மொத்தமும் இந்த ஒரு வரி மேலதான் நிக்குது, அதனால அவர் வாயால சொன்னதை அப்படியே மேற்கோள் குறிக்குள்ள போட்டுடுங்க, அடுத்த சனிக்கிழமை வாங்கிக்கறேன் என்றாள். சரி என்று வாங்கி வந்தேன். வீட்டில் மேற்கோள் குறியைப் போட்டேன். திறக்கும் குறியைப் போட்டுவிட்டு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. உள்ளே எழுத எனக்கு ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை.

நாளைக்குச் சனிக்கிழமை. டீச்சருக்குத் தெரிவதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும் என்று இன்றைக்கு எழுதுகிறேன். அது ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை. விடிந்ததிலிருந்தே அப்பா கிளம்பிக்கொண்டிருந்தார். தானே சவரம் செய்துகொண்டார், நடுநடுவே மூச்சு நின்று நின்று அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று, நான் செய்கிறேன் என்றதற்கு விடவில்லை. கல்யாணத்துக்குப் போகும் பழுப்புக் கோட்டைப் போடச் சொன்னார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பதினோரு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. நான் வெளிக் கதவுக்குப் போய், நோயாளி வரமாட்டேன் என்கிறார் என்று டிரைவரிடம் சொல்லி, அவன் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். உள்ளே வந்து உன் அப்பாவிடம், சாலை மறியலாம், வண்டி வரமுடியலையாம் என்று சொன்னேன். நம் ஊரில் அதை யார் நம்பமாட்டார்கள்? மத்தியானம் நீ போன் செய்தாய். அப்பா கிளம்பிட்டாராம்மா என்று கேட்டாய். வரமாட்டேங்கறார்டி, அந்தப் பொண்ணை நம்பி என்னை அலைய விடாதேன்னு சொல்றார் என்று நான் சொன்னேன். அப்பாவா அப்படிச் சொன்னாரு என்று ஒரே ஒரு தடவை கேட்டாய். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் நீ அதைப் பற்றிக் கேட்கவே இல்லை, சவப்பெட்டியை மூடும்போதுகூட.

அவர் அப்படிச் சொல்லவே இல்லை, யோவானா. அவர் சொன்னது வேறு. மறியல் என்று நான் சொன்னதும், நாளைக்குத் தொறந்துடுவாங்க, எம்பொண்ணு காத்துக்கிட்டு இருப்பா, வர்றேன்னு சொல்லிடு என்றார். இதுதான் அவர் வாயிலிருந்து வந்தது, ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை. பொழுது சாயும்வரை கோட்டைக் கழற்ற விடவில்லை. வெள்ளிக்கிழமையும் கோட்டைப் போட்டுக்கொண்டு, திறந்துவிட்டார்களா என்று கேட்டார், இல்லை என்றேன். சனிக்கிழமையும் அதே கோட்டோடு உட்கார்ந்து மறுபடி கேட்டார், இல்லை என்றேன். அதற்குப் பிறகு கேட்க மூச்சு இல்லை. ஒன்பது நாள் கழித்துப் போனார். ஏன் செய்தாய் என்று கேட்பாய். கொண்டுபோனால் தனியாகத்தான் திரும்பி வருவேன் என்ற பயம், வேறொன்றும் இல்லை. அவரை வைத்துக்கொள்ளப் பார்த்தேன், அவரையும் வைத்துக்கொள்ள முடியவில்லை, உன்னையும் விட்டுவிட்டேன். அந்தப் பொண்ணை நம்பி என்று ஏன் சேர்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை, அந்தச் சொல் என் வாயில் எப்படி வந்ததோ. மூன்று மேசையிலும் அவருக்கு எதிரே உட்கார்ந்து அழுதேன், ஒன்றில்கூட அவரிடம் இதைச் சொல்லவில்லை. இப்போது அவரையும் அனுப்பிவிட்டேன், கேட்க ஆளில்லை.

மன்னித்துவிடு என்று எழுத உட்கார்ந்தேன், எழுதக் கூச்சமாக இருக்கிறது. நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, திட்டினாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு சொல்லை மட்டும் நிறுத்திவிடாதே. கட்டுரையில் அந்த வரியை அடித்துவிட்டேன், உன் பத்தியை அப்படியே விட்டுவிட்டேன், அதற்குப் பதில் எழுதவில்லை. மதிப்பெண் எவ்வளவு வருமோ வரட்டும். குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. அந்தப் பெரியவரிடம் பொறுமையாக இரு, அவருக்கும் எங்கேயோ பிள்ளைகள் இருப்பார்கள். சுரங்கத்து மாதா உன் கையையும் காலையும் இடுப்பையும் காப்பாற்றட்டும், நீ தொடுகிற வேலையெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும், உனக்கு என்னைவிட நல்ல மனசைக் கொடுத்திருக்கிறாள், அது அப்படியே இருக்கட்டும். நான் சொன்னதில் எதை மறந்தாலும் இதை மறக்காதே. உன் அப்பா உன்னை நம்பினார், உன்னிடம் வரத்தான் கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்.

இப்படிக்கு,
உன் அம்மா
பிரிமித்திவா