மஞ்சள் கிறிஸ்துமஸ்

அடுப்பில் மைதாப் பசை கொதித்துக்கொண்டிருக்கிறது. பெரியவளிடம் பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் அட்டை செய்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். கட்டி தட்டாமல் கிளறிக்கொண்டிருந்த என் கை, என்னைக் கேட்காமலே அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒரு சிட்டிகை மஞ்சள்பொடியை எடுத்துப் போட்டது. வெந்த மைதாவோடு மஞ்சள் சேர்ந்து வாசனை எழும்பியதும் நீ வந்துவிட்டாய்.

பிந்தித்தான் எழுதுகிறேன். ஆடியில், நீ கண்ணை மூடிவிட்டாய் என்று உன் வீட்டுக்காரர் எழுதிய கார்டு வந்தபோது இவன் என் வயிற்றில் இருந்தான். பாளையங்கோட்டை வரைக்கும் பஸ்ஸில் போகக்கூடாது என்றார்கள். அழக்கூடாது என்றும் சொன்னார்கள். எதற்கும் பயப்படுகிறவளைப் பார்த்து எல்லோரும் பயந்தார்கள்.

இப்போது இவனுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. தொட்டிலில் தூங்குகிறான். ஆனால் கண்ணில் இன்னும் மஞ்சள் இருக்கிறது. "மஞ்ஞ குறஞ்ஞில்லல்லோ" என்றாள் நர்ஸ், மஞ்சள் குறையவில்லையே என்று, அன்றைக்குப் பெரியவளைப் பார்த்துச் சொன்ன அதே குரலில். நாளைக் காலை கொண்டுவா, குதிகாலில் குத்தி ரத்தம் பார்க்கவேண்டும் என்கிறார் டாக்டர். அநேகமாக ஒன்றும் இருக்காது என்றும் சொன்னார். அந்த அநேகமாக என்கிற வார்த்தையைத்தான் காலையிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இவருக்கு நாளைக்கு ஆபீசில் லீவு கிடையாது. நான்தான் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். இதை யாரிடம் சொல்ல? உன்னிடம்தான்.

வலியசாலையில் எங்கள் வீட்டை ஒட்டின சந்தில் நீங்கள் குடிவந்தபோது பெரியவளுக்குத் தலைகூட நிற்கவில்லை. பிறந்தபோது வந்த மஞ்சள் எப்போதோ இறங்கிவிட்டது. என் மனசிலிருந்துதான் இறங்கவில்லை. நாள் முழுக்கத் தொட்டிலடியிலேயே இருப்பேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இமையை விலக்கிப் பார்ப்பேன், மூக்கு நுனியை அமுக்கிப் பார்ப்பேன். வருகிறவர்களையெல்லாம் கேட்பேன், "மஞ்ஞ இருக்கோ, பாரேன்?" என்று. பி.ஏ. படித்தவள் இப்படி ஆகிவிட்டாளே என்று தெருவில் பேசிக்கொண்டது எனக்கும் தெரியும்.

உன்னையும் கேட்டேன். நீ குழந்தையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாய்.

"மஞ்சக் கறை வேட்டியில பட்டா என்ன செய்வ?"

"சோப்புப் போட்டுத் தோய்ச்சு வெய்யில்ல உலர்த்துவேன்."

"தன்னால போயிரும்லா? இதுவும் அதான் பிள்ள. வெயிலு எடுத்துக்கிடும்."

டாக்டரும் அதைத்தான் சொல்லியிருந்தார். அவர் சொன்னபோது எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் நீ ஒரு கட்டு வெள்ளை அட்டையோடும் கலர் மெழுகுக் குச்சிகளோடும் வந்தாய். எங்கள் அம்மியை அன்று காலைதான் கொத்தி வைத்திருந்தார்கள். அட்டையை அதன்மேல் விரித்து, நீல மெழுகுக் குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தாய். புதுக்கொத்தின் பள்ளமும் மேடும் அட்டையில் சாய்வுச் சாய்வாக ஏறின. "பாத்தியா, இடவப்பாதி மழை! எங்கம்மைக்கு அனுப்புதேன். எங்க ஊருல வெயிலு மண்டையப் பொளக்கும். கொஞ்சம் நனையட்டும்." மூலையில் ஒரு சின்னக் குடை ஒட்டினாய். நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டே குடைக்குக் கம்பி வரைந்தேன். குழந்தை பிறந்தபின் அவளைத் தவிர வேறொன்றை நான் அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான்.

பிறகு நம் கைக்கு ஓய்வே இல்லை. ஓணத்துக்குத் தேங்காய் நாரைப் பிரித்துப் பரப்பி அதன்மேல் காகிதத் தும்பைப்பூ. விஷுவுக்கு ரவையைச் சாயத்தில் நனைத்து உலர்த்திக் கொன்றைப்பூ. பொங்கலுக்குக் கரும்புச் சக்கையைத் தட்டையாக்கி ஒட்டி, அதற்கு எறும்பு வந்து, அந்த அட்டைகளைப் பெற்றுக்கொண்டவர்கள் நம்மைத் திட்டியது தனிக்கதை.

பசைதான் தகராறு. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். நீயும் நீலமாய் ஒரு கட்டி வாங்கி வந்தாய். நான் வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.

"வேண்டாம்டீ. விஷமாக்கும் அது. குழந்தை எதை எடுத்து வாயில போட்டுக்குவாளோ?"

"நடக்கவே இல்ல, அதுக்குள்ள இவ துத்தம் திங்கப் போறாளாக்கும்?" என்று நீ சிரித்தாய். ஆனால் திரும்பிப் போய்க் கட்டியைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தாய். அன்றிலிருந்து துத்தத்துக்குப் பதில் மஞ்சள்பொடி. பூச்சிக்கும் ஆகாது, பிள்ளைக்கும் கெடுதல் இல்லை. நம் பசையெல்லாம் மஞ்சளானது அப்படித்தான். என் பயத்தை யார் யாரோ திட்டினார்கள், சிலர் திருநீறு போட்டார்கள். நீ மட்டும் அதற்குத் தக்கபடி பசையின் பாகத்தை மாற்றினாய்.

உனக்கும் பயப்பட ஒரு காரணம் இருந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் உன் இதயம் கெட்டுப்போயிருந்தது. பிள்ளை பெறக்கூடாது, படி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. அதைக்கூட நீ ஒரு வேடிக்கையைப்போல்தான் சொன்னாய்: "நெஞ்சுக்குள்ள ஒரு கதவு சரியா சாத்த மாட்டேங்குதாம். அதான் வாரவள்லாம் உள்ள வந்து உக்காந்துக்கிடுதாளுவ."

நீங்கள் குடிவந்த வருஷம் டிசம்பரில் எதிர்வீட்டு டீச்சர் வந்தாள். அவர்கள் கோயில் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போகும்போது கொடுக்க அட்டை வேண்டும். நான் உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் உன்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்: "எல்லாத்திலும் நல்ல மஞ்ஞு வேணம், கேட்டோ."

மஞ்ஞு என்றால் பனி. மஞ்ஞ என்றால் மஞ்சள். உனக்கு மலையாளம் அரைகுறை. ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் பழுதில்லாமல் தெரியும். நாள்தோறும் என் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுப் படித்ததல்லவா. அவள் பனி கேட்டாள், நீ மஞ்சள் கேட்டாய். "டீச்சருக்கு மஞ்ச வேணுமாம்ட்டி!" என்று சந்தோஷமாக உள்ளே வந்தாய். மங்கலமான நாள், மஞ்சள் கேட்கிறார்கள் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

எவ்வளவு அழகாகச் செய்தாய்! அட்டை முழுக்க மஞ்சள் பசையைப் பூசி, காய்வதற்கு முன் பல் உடைந்த சீப்பால் இழுத்தாய். வரி வரியாக எழும்பிக் காய்ந்தது. மேலே நட்சத்திரத்துக்குச் சாயமே வாங்கவில்லை. நட்சத்திரமாக வெட்டிய ஓட்டை வழியே சுண்ணாம்பைத் தொட்டுவைத்தாய். ஆரத்தி சிவப்பதுபோல் மஞ்சளுக்குள்ளிருந்து நட்சத்திரம் சிவந்து வந்தது.

டீச்சர் பார்த்தாள். முதல் அட்டை, அடுத்தது, அதற்கடுத்தது. "மஞ்ஞு எவிடெ?"

"எல்லாமே மஞ்ஞதான டீச்சர்!"

எனக்குத்தான் முதலில் புரிந்தது. நான் சொன்னதும் நீ சிரிக்க ஆரம்பித்தாய். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். டீச்சர் "சாரமில்லா" என்றாள், பரவாயில்லை என்று. முகம் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளைகள் மறுநாள் சாயங்காலம் கிளம்பவேண்டும். நீல அட்டையும் பஞ்சும் வாங்கி வந்தால் இரண்டு பேருமாக முடித்துவிடலாம். ஆனால் சாலைக் கடைத்தெருவுக்கு நடந்துபோய்வர உன்னால் முடியாது. உன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் போகவேண்டுமென்றால் குழந்தையை விட்டுவிட்டுப் போகவேண்டும்.

"எனக்குப் பயமாயிருக்குடீ."

"பயந்துக்கோ. யாரு வேண்டாம்னா? பயந்துக்கிட்டே போ. அதுவும் கூட வரட்டும், துணைக்கு ஆச்சு."

போனேன். கடைக்காரர் நீல அட்டையை எடுத்துப் போட்டபோதும், பஞ்சைக் கட்டிக் கொடுத்தபோதும் என் கழுத்து வீட்டுப் பக்கமே திரும்பியிருந்தது. நீ சொன்னது சரி, பயம் கூடவே வந்தது. கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததுபோலக்கூட இருந்தது.

திரும்பி வந்து வாசலில் நின்றவள் கத்திவிட்டேன். உன் மடியில் என் பெண் தலை முதல் கால் வரை மஞ்சள். கன்னம், கை, வயிறு, எல்லாம். பறித்துத் தூக்கி வெளிச்சத்தில் இமையை விலக்கிப் பார்த்தேன். கண் பளிச்சென்று வெள்ளை. அவள் என் மூக்கைப் பிடித்துச் சிரித்தாள்.

"ஏட்டி, பசைச் சட்டியில விழுந்து எந்திரிச்சவளுக்குக் கண்ணு பாக்கிறவ நீ ஒருத்திதான்!"

"சுண்ணாம்பு? சுண்ணாம்பு எங்கே?"

நீ முந்தானை நுனியைத் தூக்கிக் காட்டினாய். சுண்ணாம்பு டப்பா அதில் இறுக்கி முடிந்திருந்தது. நான் இதைக் கேட்பேன் என்று எனக்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. அப்போதுதான் உட்கார்ந்து சிரித்தேன். பெரியவள் பிறந்தபின் அப்படிச் சிரித்ததில்லை.

சத்தம் கேட்டு டீச்சர் வந்தாள். மஞ்சள் குழந்தையைப் பார்த்தாள். சீப்பு இழுத்த அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "புல்கூட்டில் உண்ணிக்கு விரிச்சது வைக்கோலல்லே? வைக்கோல் மஞ்ஞயல்லே?" என்றாள். குழந்தை ஏசுவைக் கிடத்தின வைக்கோல் மஞ்சள்தானே, இந்த ஊரில் பனியை யார் கண்டார்கள், "எனிக்கு இது மதி", இதுவே போதும் என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனாள். ஒன்றை மட்டும் விட்டுப்போனாள். அதன் நடுவில் என் பெண் கையைப் பதித்திருந்தாள். நான் வாங்கி வந்த பஞ்சு வெகுநாள் காதுக்கு வைக்க உதவியது.

அந்தக் கை பதிந்த அட்டையை ஜன்னல் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். பிறகு உன் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்து பாளையங்கோட்டைக்குப் போனீர்கள். பிறகு ஆடி வந்தது. அட்டை சுவரிலேயே இருந்தது. நாள்தோறும் கண்ணில் படுகிற பொருளை யார் பார்க்கிறார்கள்?

இப்போது பெரியவள் நாற்காலிமேல் ஏறி அதைப் பெயர்த்து எடுத்து வந்திருக்கிறாள், பார்த்துச் செய்வதற்காம். மலையாளப் பள்ளிக்கூடம், அதனால் இவள் நாக்கில் இரண்டு பாஷையும் கலந்துதான் வரும். கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. அட்டையைத் தூக்கிப் பிடித்துச் சொன்னாள்:

"அம்மா, இங்க பாரு. இதில மஞ்ஞு பெய்திருக்கு!"

கரண்டியை வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தேன். காலை வெயில் வருஷக்கணக்காகப் பட்டுப் பட்டு மஞ்சளெல்லாம் போய்விட்டது. சீப்பு இழுத்த வரிகள் இருக்கின்றன, கையின் பள்ளம் இருக்கிறது. நட்சத்திரம் பழுப்பாக மங்கியிருக்கிறது. மற்றதெல்லாம் வெள்ளை. டீச்சர் கேட்ட பனி. நீ செய்ததுதான், கொஞ்சம் பிந்தி வந்திருக்கிறது.

வெயிலு எடுத்துக்கிடும் என்றாயே.

பசையை இறக்கிவிட்டேன். இவனைத் தொட்டிலிலிருந்து எடுத்து, அட்டை ஒட்டியிருந்த அதே ஜன்னலடியில் மடியில் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். மூக்கு நுனியை அமுக்கிப் பார்த்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். இரண்டு தடவை பார்த்தேன். பெரியவள் தரையில் உட்கார்ந்து சீப்பால் பசையை இழுத்துக்கொண்டிருக்கிறாள். சுண்ணாம்பு என் முந்தானையில் இருக்கிறது.

நாளைக் காலை இவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பயமும் கூட வருகிறது. துணைக்கு ஆச்சு.