ஜோதி உட்கார்ந்த பெஞ்சு

ஆகஸ்டு 19, 1999 – வியாழன்

ஜோதியம்மாள் போய்ப் பதினாறு நாள். கருமாதி இல்லை, படத்திறப்புதான் வைத்தேன். ராணிப்பேட்டையில் எந்த வீட்டு இரங்கல் கூட்டமானாலும் இந்தத் தமிழ் வாத்தியாரைத்தான் பேசக் கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளைப் பற்றிப் பேச எழுந்தால் இரண்டு வாக்கியம் வந்தது. மூன்றாவது வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

செழியனுக்குத் தகவல் சொல்ல முடியவில்லை. எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால்தானே? பெற்றவள் செத்தது தெரியாமல் எங்கோ இருக்கிறான். ஒரே மகன் இருக்க, கொள்ளி நான் வைத்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு போளூரிலிருந்து வந்திருந்த ஜோதியின் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அக்கா எங்க வூட்டுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆவுது மாமா. என்னா கோவம்னு கேக்கணும்னே இருந்தேன்” என்று அழுதாள்.

மாதம் ஒரு நாள் தங்கச்சி வீடு என்று விடியற்காலை பஸ் ஏறுவாளே. அப்படியானால் எங்கே போனாள்?

ஆகஸ்டு 21 – சனி

அரிசி டின்னுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே குங்குமப் பொட்டலங்கள், இருபத்து மூன்று. எல்லாவற்றிலும் அண்ணாமலையார் படம். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் தேதி. சிலவற்றில் தேதிக்குக் கீழே ஒரு சின்ன வட்டம், எதற்கென்று தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் கண்ணாயிரத்திடம் தேதிகளைக் காட்டினேன். கணக்கு வாத்தியார், விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “எல்லாம் பௌர்ணமி சார். ஒங்க வீட்ல கிரிவலம் போயிருக்காங்க.”

வீட்டுக்குள் பஞ்சாங்கமே விடாதவன் நான். காலண்டரில் தேதியைக் கிழிப்பேனே தவிர, அதன் கீழே என்ன அச்சடித்திருக்கிறது என்று படித்ததில்லை. அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

ஆகஸ்டு 22 – ஞாயிறு

என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கேலி செய்திருப்பேன். செய்திருப்பேன்தான்.

ஆகஸ்டு 25 – புதன். திருவண்ணாமலை

மூன்று நாள் விடுப்பு. ஐம்பத்தேழு வயதில் முதல் முறையாக இந்த ஊர். தீபத்துக்கு எங்கள் தெருவே காலியாகும். நான் மட்டும் வீட்டில் இருந்து அதைப் பெருமையாகச் சொல்லித் திரிவேன். வண்டி போளூர் வழியாகத்தான் வந்தது. தங்கச்சி ஊரில் இறங்காமல் இதே வழியில் இருபத்து மூன்று தடவை போயிருக்கிறாள்.

மூன்று நாளில் அவள் பார்த்ததையெல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று கணக்கு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜில் பையை வைத்துவிட்டு மலையைச் சுற்றக் கிளம்பினேன். பதினான்கு கிலோமீட்டர். எல்லோரும் மலையை வலப்பக்கம் வைத்து நடப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வேண்டுமென்றே எதிர்ப்பக்கமாக நடந்தேன். பழைய திமிர், சாகிற வரை போகாது. வந்தவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். “பெரியவரே, இது சுத்தற வழி இல்ல” என்று நாலு பேராவது சொல்லியிருப்பார்கள்.

அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை. கால் வலிக்க உட்கார்ந்தேன். கடைக்கார அம்மா ரேணுகாம்பாள். “இப்பிடி எதுருல நடந்து வந்தா பாவம்யா” என்றாள். பாவமெல்லாம் இல்லை என்று ஆரம்பித்து, முழு மேடைப் பேச்சும் பேசியிருப்பேன். அதற்காக வந்தவன் இல்லை. பர்ஸிலிருந்து ஜோதி படத்தை எடுத்துக் காட்டினேன். இந்த அம்மா இந்தப் பக்கம் வருமா?

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

“நம்ம ராணிப்பேட்டை அம்மா! நீங்க ஒக்காந்திருக்கீங்களே, இதே பெஞ்சிதான். புள்ள பௌர்ணமிக்கு நடக்குதுன்னு யாரோ சொல்லி, அதப் பாக்க வருவாங்க. நடந்தா முன்னால போறவங்க முதுகுதான் தெரியும், ஒக்காந்தா எல்லார் மூஞ்சியும் நம்மளத் தாண்டித்தான போவணும்னு சொல்வாங்க. அந்தத் தம்பி கீழ்பென்னாத்தூர்ல எங்கியோ ரைஸ் மில்லுல இருக்குது. பொஞ்சாதி, கொழந்தயோட பௌர்ணமிக்குப் பௌர்ணமி நடந்து வரும். நாளைக்கிப் பௌர்ணமிதான? அம்மா வரலீங்களா?”

சொன்னேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கொழந்தயோட என்றாளே. எனக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது!

இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவேன். செழியன் கட்டிக்கொண்ட மணிமொழி என் மாணவி. பத்தாம் வகுப்பில் தமிழில் பள்ளிக்கூடத்திலேயே முதல். மேடையில் நான்தான் பரிசு கொடுத்தேன். சாதி ஒழிய வேண்டும் என்று அன்றைக்கும் பேசினேன், கை தட்டினார்கள். அதே பெண்ணைக் காலனியிலிருந்து மாலையோடு கூட்டிக்கொண்டு வந்தபோது, “இந்த வாசப்படி மிதிச்ச, காலை வெட்டுவேன்”னு சொன்னேன். நான்தான் சொன்னேன். ஜோதி எனக்குப் பின்னால் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பயந்து பேசவில்லை.

ஆகஸ்டு 26 – வியாழன். பகல் இரண்டு மணி

பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை எட்டு மணிக்கே வந்துவிட்டேன். என்ன சொல்வது என்று நாலு விதமாக எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.

கூட்டம் ஜாஸ்தியாகிறது. ஜோதி சொன்னது சரி, எல்லா முகமும் தெரிகிறது. அவன் முகம் தெரிந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்டு 27 – வெள்ளி

நேற்று ஐந்து மணிக்கு வந்தார்கள். தூரத்திலேயே தெரிந்தது, என்னைப் போலவே தோளைச் சாய்த்து நடக்கிறான். குழந்தை அவன் இடுப்பில். பெஞ்சைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவன், என்னைப் பார்த்ததும் நின்றான். எனக்கு வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான், கடைக்குள் எட்டிப் பார்த்தான்.

“அம்மா எங்க?”

இரண்டு வருடம் கழித்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை. இல்லை என்று தலையை ஆட்டினேன். அதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“எப்போ?”

“மூணாந்தேதி. நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள…”

குழந்தையை மணிமொழியிடம் கொடுத்துவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்தான். ஜனம் அவனைச் சுற்றி விலகிப் போய்க்கொண்டே இருந்தது. அழுவான், நானும் அழுது அவன் தோளைப் பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். அழவில்லை.

“எனக்குச் சொல்லணும்னு தோணலயா?”

“நீ எங்க இருக்கேன்னு தெரியலடா.”

“ரெண்டு வருஷத்துல ஒரு நாளாவது தேடுனீங்களா?”

தேடவில்லை.

அவன் எழுந்து வேட்டியைத் தட்டினான். “அவங்களுக்காகத்தான் இங்க நிப்போம். இனிமே நிக்க வேல இல்ல” என்று சொல்லிவிட்டு நடந்தான்.

மணிமொழி ஒரு நொடி நின்றாள். ரேணுகாம்பாளிடம் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கி என் கையில் கொடுத்தாள். “குடிங்க சார்” என்றாள். வகுப்பில் கூப்பிட்ட அதே சார். குழந்தை பெயர் கேட்டேன். எழிலரசி. எங்களுக்குப் பெண் பிறந்தால் வைக்க வேண்டும் என்று ஜோதியும் நானும் எடுத்து வைத்திருந்த பெயர்.

அவளும் போய்விட்டாள். அதற்குப் பிறகு முதுகுகள்தான் தெரிந்தன.

இன்று மதியம் பஸ். கோயிலுக்குள் போகவில்லை. கோபுர வாசல் வரை போய், அவள் இங்கேதானே செருப்பு விட்டிருப்பாள் என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். மூன்று நாள் விடுப்பில் ஊர் பார்த்த லட்சணம் இது.

செப்டம்பர் 3 – வெள்ளி

ஒரு மாதம் ஆயிற்று. ரசம் வைக்கத் தெரியவில்லை.

செப்டம்பர் 24 – வெள்ளி

போனேன். அதே பெஞ்சு. ஆறு மணிக்கு வந்தார்கள். வேகமாகத் தாண்டிப் போனார்கள், அவன் திரும்பவில்லை. குழந்தை மட்டும் அவன் தோளுக்கு மேலே எட்டி பெஞ்சைப் பார்த்துக்கொண்டே போனது. அது யாரைத் தேடியது என்று எனக்குத் தெரியும்.

கோயில் வாசல் கடையில் ஒரு குங்குமப் பொட்டலம் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 24 – ஞாயிறு

இன்றும் நிற்கவில்லை. குழந்தைக்கு வாங்கிய முறுக்குப் பொட்டலம் கையிலேயே இருந்தது. போதும், இனி வர வேண்டாம் என்று ரேணுகாம்பாளிடம் சொல்லிவிட்டு எழுந்தேன்.

“ஒக்காருங்கய்யா” என்றாள். “அம்மாவுக்கு மட்டும் ஒடனே நின்னுச்சுன்னு நெனச்சீங்களா? மொத ஏழு மாசம் அந்தத் தம்பி திரும்பிக்கூடப் பாக்கல. ‘அன்னிக்கி வாசல்ல வாயத் தொறக்காம நின்னேன், அதுக்குப் படறேன்’னு அம்மா அழுவாங்க. அழுதுட்டு அடுத்த மாசமும் வந்துருவாங்க.”

வீட்டுக்கு வந்ததும் டப்பாவை எடுத்து, பொட்டலங்களைத் தேதி வாரியாக அடுக்கினேன். முதல் ஏழில் வட்டம். எட்டாவதிலிருந்து வட்டம் இல்லை.

ஏழு மாதமும் இந்த வீட்டுக்குத்தான் திரும்பி வந்தாள். போளூரில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டேன். சௌக்கியம் என்று சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டாள்.

போன மாதம் ஒன்று, இன்று ஒன்று என்று நான் வாங்கிய இரண்டு குங்குமப் பொட்டலங்களிலும் தேதி எழுதி, கீழே வட்டம் போட்டு, அவளுடையவற்றோடு வைத்தேன். பஸ் ஸ்டாண்டில் பஞ்சாங்கம் ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். அடுத்த பௌர்ணமி தீபத்தோடு வருகிறது. அன்றைக்குக் கூட்டம் தாங்காதாம், பெஞ்சில் இடம் வேண்டுமென்றால் முதல் நாளே வந்துவிடச் சொன்னாள் ரேணுகாம்பாள். நாளைக்கே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.