காய்ச்சல் விட்ட காலை

இன்று வார்ட்டில் ஒரு தாய் போத்தல் மூடியைத் திறந்தபோது பப்பாசி இலைச் சாற்றின் பச்சை வாடை கட்டிலைச் சுற்றிப் பரவியது. பிள்ளைக்கு டெங்கு. "இது வேணாம் ராத்தா, ஜீவனி கரைச்சிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, அந்த உப்புக்கரைசல் பக்கெட்டை எடுக்க மருந்தறைக்குள் போனேன். அன்று உன் உம்மாவும் இதைத்தான் பிழிந்து வைத்திருந்தா.

நாமிருவரும் தாதியர் பயிற்சிக்கு ஒன்றாகச் சேர்ந்தவர்கள். பரீட்சை நெருங்கினால் மருதமுனையில் உன் வீட்டில்தான் படிப்பு. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு மேலாகக் குழந்தை நோய்களை உரத்து வாசிப்பாய்; நான் கேள்வி கேட்பேன். வயிற்றோட்டத்தில் கண் குழிவது, நிமோனியாவில் நெஞ்சு உள்ளிழுப்பது எல்லாம் உனக்குத் தண்ணீர்பட்ட பாடு.

ஒருநாள் அந்தத் தறிவீட்டுப் பெண் காய்ச்சலில் கிடந்த மகளைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

"காய்ச்சல் உட்டுட்டு கா, அல்ஹம்துலில்லாஹ்."

நீ சிரிக்கவில்லை. பிள்ளையின் காலைத் தொட்டாய். பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டு, வெளிறிய இடத்தில் இரத்தம் திரும்புவதைப் பார்த்திருந்தாய். அது சுணங்கித் திரும்பியது.

"கால் குளிருது ராத்தா. டெங்குல காய்ச்சல் உடுற நேரம்தான் பயம். வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"சோறாக்கி வெச்சிட்டு..."

"சோறு பொறகு ஆக்கலாம்."

செருப்பைத் தேடக்கூட விடாமல் அவளை த்ரீவீலில் ஏற்றினாய். பிள்ளை பிழைத்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

மாரி மழையோடு இறுதிப் பரீட்சை வந்தது. உனக்கும் காய்ச்சல். சிறுவர் பாடப் பேப்பரன்று காலையில் உன்னைக் கூட்டிப்போக வந்தேன். "காய்ச்சல் உட்டுட்டு மகள்" என்று உன் உம்மா பப்பாசிச் சாற்றுக் கோப்பையோடு வாசலிலேயே சொன்னா. உன் கையைப் பிடித்தேன். வியர்த்துக் குளிர்ந்திருந்தது.

"பேப்பர் கிடக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"எனக்குத் தெரியாதா புள்ள? இத உட்டா அடுத்த பரீட்சை வரைக்கும் இரிக்கணும். வாப்பாக்கு இனிக் கடலுக்குப் போக ஏலா. எழுதிட்டு நேரா போவம்."

எவ்வளவு சொல்லியும் நீ கேட்கவில்லை.

டெங்குக் கேள்வி வந்திருந்தது. நீ குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாய். தண்ணீர் குடித்தாய், மறுபடியும் எழுதினாய். மண்டபத்துக்கு வெளியே வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாய். நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனோம். அவர்களும் தங்களால் ஆனதெல்லாம் செய்து பார்த்தார்கள். நீ மௌத்தானபோது மழை விட்டிருக்கவில்லை. அடக்கம் செய்ய மையவாடிக்குப் பெண்கள் நாங்கள் போவதில்லையே. உன்னைச் சுமந்த சந்தூக்கு ஒழுங்கை முனையில் திரும்பும்வரை நனைந்துகொண்டு நின்றேன்.

பெறுபேறு வந்ததும் நானே போய் உன் உம்மாவிடம் சொன்னேன்.

"பாஸா மகள்?"

"ஓம் உம்மா. சிறுவர் பாடத்துல என்ன விடக் கூட எடுத்திரிக்கா."

அவ முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டா. பிறகு, "அப்ப எல்லாம் தெரிஞ்சிதானே போயிரிக்கா" என்றா.

இன்றைக்கும் தொழுதுவிட்டு உனக்காகக் கையேந்தினால் முதலில் வருவது கோபம்தான். அது அடங்கும்வரை கைகளை இறக்காமல் இருக்கிறேன். பிறகுதான் துஆ வருகிறது.