மாமன் மடி

ஜீயபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அமெரிக்காவில் பெரிய எழுத்தாளராகிவிட்ட என் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் கடிதம். பிழை இருந்தால் சிரித்துக்கொள், திருத்தி மட்டும் அனுப்பாதே.

நீ எழுதிய படம் தமிழ் பேசிக்கொண்டு போனில் வந்திருக்கிறது. முதல் நாவல் விலைபோகாமல் ஓட்டலில் தட்டுக் கழுவியவன், இரண்டாவதுக்குப் பரிசு வாங்கி, இப்போது சினிமாவுக்கு எழுதுகிறான் என்று பெருமையடித்து, பக்கத்து வீட்டு மலர்க்கொடியையும் பார்க்கக் கூப்பிட்டேன்.

அதில் வரும் காதுகுத்தைப் பார்த்து எல்லோரும் அழுதுவிட்டோம். தாய்மாமன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு முன்னால் தான் அழுகிறான்.

மலர்க்கொடி மூக்கைச் சிந்திக்கொண்டே, "நம்ம யாழினிக்கு எப்பக்கா?" என்றாள்.

"அவ மாமன் இப்பதான் வாடகைப் பிள்ளைய வச்சுப் பழகுறான்டி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

என் மகளுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. மூன்று முறை நாள் குறித்தோம். மூன்று முறையும் "திரைக்கதையில திருத்தம் இருக்குக்கா" என்றாய். தோடு டப்பாவிலேயே கிடக்கிறது. நம் பெரியப்பா மகன் மடியில் உட்காரவைத்துக் குத்திவிடலாம் என்கிறார் உன் மச்சான். கூடப் பிறந்தவன் நீ இருக்கும்போது எனக்கு மனசு வரவில்லை.

படம் முடிந்ததும் யாழினி மாமனாக நடித்த அந்த நடிகரைக் காட்டி, "இவரு மடியிலயே உக்காந்துக்கிறேம்மா. இவருன்னா வருவாருல்ல?" என்றாள்.

தை இரண்டாம் வெள்ளிக்கு நாள் குறித்திருக்கிறேன். உன்னால் முடியாவிட்டால் அந்த நடிகரின் விலாசத்தையாவது அனுப்பு.

இன்னமும் உனக்காகக் காத்திருக்கும்,
அக்கா.