மருந்து கலக்காத தண்ணீர்

மே 6
கடைசி குளோரின் சிலிண்டரும் தீரப்போகிறது. நீரேற்று நிலையத்துக்குப் புதியது ஏற்றிவந்த லாரியைச் சோதனைச் சாவடியிலேயே சிப்பாய்கள் திருப்பிவிட்டார்கள். விஷவாயுவாம், ஆயுதமாக்கிவிடுவார்களாம். என்னோடு பம்ப் ஓட்டும் மொட்டை சொன்னான்: “துப்பாக்கியக் கட்டிப்பிடிச்சுத் தூங்குறவன், குளோரினப் பார்த்துப் பயப்படுறான்.” சிரித்தோம்.

மே 9
குண்டு விழுந்து சாக்கடைக் குழாய் உடைந்துவிட்டது. நாங்கள் தண்ணீர் இறைக்கும் இடத்துக்குச் சற்று மேலே கழிவு ஆற்றில் கலக்கிறது.

மே 11
குளோரின் தீர்ந்தது. பம்பை நிறுத்துவதா, ஓட்டுவதா? நிறுத்தினால் ஜனங்கள் குடத்தோடு ஆற்றங்கரைக்குப் போவார்கள், அங்கே சுடுகிறார்கள். ஓட்டினேன். கொதிக்கவைத்துக் குடிக்கும்படி ஒலிபெருக்கியில் சொல்லவைத்தேன். எதை எரித்து? நாற்காலி, கதவெல்லாம் எரித்தாயிற்று.

மே 12
வேலை முடிந்து தங்கை வீட்டுக்குப் போனேன். டம்ளரில் தண்ணீர் நீட்டினாள். “கொதிக்க வச்சியா?” என்று கேட்டேன்.

“அடுப்புக்குக் குச்சி ஏதுண்ணா? நீ அனுப்புற தண்ணிதானே” என்று சிரித்தாள்.

வாங்கிக் குடித்துவிட்டேன். மறுக்க மனம் வரவில்லை.

மே 16
ஊரெல்லாம் வாந்திபேதி. காலராதான் என்கிறார் நர்ஸ். ஆஸ்பத்திரி வராண்டாவில்கூட இடமில்லை.

மே 18
தங்கைக்கும் வந்துவிட்டது. சைக்கிளில் உட்காரவைத்து, மச்சானும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனோம். சாவடியில் மறித்தார்கள். “அந்தப் பக்கம் சண்டை நடக்குது, பொறுங்க.” பொறுத்தோம். “தண்ணி, தண்ணி” என்று முனகினாள். மச்சான் பாட்டிலைத் திறந்து என்னைப் பார்த்தார் — குடுன்னு சொல்றதா, வேணாம்னு சொல்றதா? அதுவும் நான் அனுப்பின தண்ணிதானே. தலையாட்டினேன்.

வழி விட்டபோது அவளுக்கு நினைவில்லை.

மே 19
போய்விட்டாள்.

மே 23
“பம்ப நிறுத்தியிருந்தா கரையில எத்தன பேர் விழுந்திருப்பாங்க? உன்மேல என்ன தப்பு?” என்றான் மொட்டை. அவன் சொல்வது சரிதான். ஆனால் ‘இதைக் குடிக்காதே’ என்று அந்த டம்ளரை வாங்கி நான் கீழே கொட்டியிருக்கலாம். கோபித்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதானே.

ஜூன் 14
சண்டை நின்றிருக்கிறது. குளோரின் லாரியை யாரும் மறிக்கவில்லை.

மாலையில் மச்சான் தன் மகளைக் கூட்டிக்கொண்டு நிலையத்து வாசல் குழாய்க்கு வந்தார். குடத்தை வைத்து நிரப்பினார். பிறகு, “இப்போ குடிக்கலாமா?” என்றார்.

“குடிக்கலாம். மருந்து போட்டாச்சு.”

குழந்தை குழாயடியில் கையை ஏந்தினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வீட்டுல போய்க் கொதிக்க வச்சுத் தர்றேம்மா.”

குரலில் கோபம் இல்லை. “ஆமா, அப்படியே செய்ங்க” என்றேன்.